140 யூரோ பேக்கேஜ், 4 செகண்ட் டூர் டி பிரான்ஸ்: அல்ப் துயெஸ் போய்ட்டு வந்த கதை

முதல்லயே சொல்லிடறேன், ரேஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. எங்கள கூட்டிட்டு போன டூர் கம்பெனிக்கு அஞ்சுக்கு ஒன்னு, அந்த ஒன்னும் டிரைவர் அண்ணனுக்கு தான், கம்பெனிக்கு இல்ல. பேரு போட விரும்பல, சின்ன கம்பெனி, பிரான்ஸ்ல லியோன்ல இருக்கறவங்க நோட்டீஸ் பாத்தாலே கண்டுபிடிச்சிருவீங்க.

நாங்க லியோனுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் சைக்கிள் பைத்தியம், ஜூலை வந்துட்டா லஞ்ச் டேபிள்ல வேற பேச்சே இருக்காது, அவன்கிட்ட கேட்டு கேட்டு தான் எனக்கும் இந்த ஸ்டேஜ் ரேஸ்னா என்னன்னு புரிஞ்சுது. ஆம்பளைங்க டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ நேர்ல பாக்கணும்னு தான் ஆரம்பத்துல நெனச்சோம், ஆனா ஜூலைல லீவு கிடைக்கல, அப்ப வீட்டுக்காரம்மா தான் சொன்னாங்க, ஆகஸ்ட்ல பொண்ணுங்க டூர் இருக்குல்ல, பாப்பாவுக்கும் அது தான புடிக்கும்னு. பாப்பாவுக்கு 9 வயசு, சைக்கிள்ல கியர் மாத்த கத்துக்கிட்ட புதுசு, எதுக்கெடுத்தாலும் கியர் மாத்தற வயசு.

2024 டூர் டி பிரான்ஸ் ஃபாம் (பொண்ணுங்க டூரோட பேரு இது தான்) ஆகஸ்ட் 12 அன்னைக்கு நெதர்லாந்து ராட்டர்டாம்ல ஆரம்பிச்சு 18 ஞாயித்துக்கிழமை அல்ப் துயெஸ் மலை மேல முடிஞ்சுது. 7 நாள்ல 8 ஸ்டேஜ். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 11ஆம் தேதி தான் முடிஞ்சுது, மறுநாளே இது ஆரம்பம், அதனால நெறைய பேருக்கு இப்படி ஒன்னு நடக்கறதே தெரியல. தெரியாததும் நல்லதுக்கு தான், ஆம்பளைங்க டூர் இதே மலைக்கு வந்தா நாலஞ்சு நாள் முன்னாடியே கேம்பர் வேன் போட்டு ரோட்டோரம் மொத்தமும் புடிச்சிருவாங்களாம்.

சரி பேக்கேஜ். பெரியவங்களுக்கு 140 யூரோ, குழந்தைக்கு 90, ஆக மொத்தம் எங்களுக்கு 370. நோட்டீஸ்ல போட்டிருந்தது இது: லியோன்ல இருந்து ஏசி வேன், 7ஆவது வளைவு வரைக்கும் வேன்லயே போயிடலாம், அங்க தனி இடம், பெரிய ஸ்கிரீன்ல லைவ், சைவ சாப்பாடு உண்டு, இங்கிலீஷ் பேசற எக்ஸ்பர்ட் கைடு, ராத்திரி 8 மணிக்கு வீட்ல.

இதுல எத்தனை நடந்துச்சுன்னு விரல் விட்டு எண்ணலாம், ஒரு விரல் போதும். ஏசி.

அல்ப் துயெஸ் தெரியாதவங்களுக்கு கொஞ்சம். அடிவாரத்துல பூர் துவாசான்னு ஒரு ஊரு. அங்க இருந்து மேல 13.8 கிலோமீட்டர், சராசரி ஏத்தம் 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவு. வளைவு நம்பர் தலைகீழ், கீழ 21ல ஆரம்பிச்சு மேல போகப் போக குறையும், ஏறுறவனுக்கு மிச்சம் எத்தனைன்னு தெரியணும்ல. ஒவ்வொரு வளைவுலயும் இங்க ஜெயிச்சவங்க பேர் போட்ட பலகை இருக்கு. 21ல ஃபாஸ்டோ கோப்பி பேரு, 1952, டூர் முதல் தடவ இந்த மலை ஏறின வருஷம். 7ஆவது வளைவுக்கு டச்சுக்காரங்க வளைவுன்னே பேரு, ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு நெதர்லாந்து மொத்தமும் அங்க வந்து நிக்கும், பக்கத்துல ஒரு சின்ன சர்ச் வேற. எங்க கம்பெனி வித்தது இந்த வளைவ தான்.

இப்ப கொஞ்சம் கணக்கு, இது தெரியாம மத்தது புரியாது. ஸ்டேஜ் ரேஸ்ல தினமும் ஒருத்தர் ஜெயிப்பாங்க, அது அன்னைக்கு கதை. மொத்த டூர் யாருக்குன்னா எல்லா நாள் டைமையும் கூட்டினா யாருக்கு கம்மியோ அவங்களுக்கு. அவங்க தான் மஞ்ச ஜெர்சி போடுவாங்க. மஞ்ச ஏன்னா, அந்த காலத்துல ரேஸ நடத்தின லோட்டோ பேப்பர் மஞ்ச காகிதத்துல அச்சடிச்சாங்க, 1919ல இருந்து ஆம்பளைங்க டூர்ல அந்த கலர். ஃபினிஷ்ல முதல் மூணு பேருக்கு 10, 6, 4 செகண்ட் போனஸா டைம்ல கழிப்பாங்க. அதனால முன்னாடி போறவங்க தான் டூர் ஜெயிச்சாங்கன்னு அர்த்தமே இல்ல, பின்னாடி வர்றவங்க எத்தனை செகண்ட் பின்னாடி வர்றாங்கங்கறது தான் விஷயம். இத எங்க எக்ஸ்பர்ட் கைடுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதுக்கு வரேன்.

நாங்க டிக்கெட் போட்டது ஜூன் மாசம். அப்ப எல்லாருமே சொன்னது டெமி வொலரிங் தான் ஜெயிப்பாங்கன்னு. 2023ல ஜெயிச்சவங்க, 2022ல ரெண்டாவது, டச்சுக்காரங்க, எஸ்டி வொர்க்ஸ் டீம். ராட்டர்டாம்ல நடந்த டைம் டிரையல்லயும் (ஒவ்வொருத்தரா தனித்தனியா கடிகாரத்துக்கு எதிரா ஓட்டறது) ஜெயிச்சு மஞ்ச ஜெர்சி போட்டுட்டாங்க, சரி அவ்ளோதான் முடிஞ்சுது, நம்ம போறதுக்குள்ள சுவாரசியம் போயிடும்னு நெனச்சோம். 15ஆம் தேதி இங்க லீவு, வீட்ல டிவில பாத்துட்டு இருக்கோம், அம்னேவில்ங்கற ஊருக்கு போற ஸ்டேஜ், ஃபினிஷுக்கு ஒரு 6 கிலோமீட்டர் இருக்கறப்ப கூட்டமா விழுந்தாங்க, மஞ்ச ஜெர்சி கீழ. வொலரிங் எந்திரிச்சு, ஏறி, கிட்டத்தட்ட தனியா ஓட்டி வந்து சேர்றதுக்குள்ள 1 நிமிஷம் 47 செகண்ட் போச்சு. கடைசி 3 கிலோமீட்டருக்குள்ள விழுந்திருந்தா அந்த டைம குடுத்திருப்பாங்க, ரூல் இருக்கு. கொஞ்சம் முன்னாடி விழுந்துட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா அன்னைக்கு ஸ்டேஜ் ஜெயிச்சது அதே டீம் பிளாங்கா வாஸ். தலைவி கீழ கிடக்கா, டீம் முன்னாடி போய் ஜெயிச்சிட்டு இருக்கு, ஏன் யாரும் நின்னு இழுத்துட்டு வரலன்னு ஊரெல்லாம் கேட்டாங்க. நானும் கேட்டேன், டிவிகிட்ட.

மஞ்ச ஜெர்சி போலந்து காசியா நியெவியாடோமாவுக்கு போச்சு. இவங்க கதை வேற மாதிரி, 2022ல மூணாவது, 2023லயும் மூணாவது. எங்க ஆபீஸ் பைத்தியம் பாஷைல சொன்னா, கல்யாண வீட்ல எப்பவும் தோழியாவே நிக்கற பொண்ணு.

ஆக நாங்க போன ஞாயித்துக்கிழமை காலைல நிலவரம்: வொலரிங் 1 நிமிஷம் 15 செகண்ட் பின்னாடி. அன்னைக்கு ஸ்டேஜ் லெ கிரான் போர்னான்ல இருந்து 149.9 கிலோமீட்டர், நடுவுல கிளாந்தோன் மலை 19.7 கிலோமீட்டர் ஏத்தம், அது முடிஞ்சு இறங்கி கடைசியா அல்ப் துயெஸ். 75 செகண்ட புடிக்க ரெண்டு பெரிய மலை. பேக்கேஜ் காசு குடுத்தது வீண் போகலன்னு அப்ப தான் சந்தோஷப்பட்டேன், அந்த சந்தோஷம் விடியக்காத்தால அஞ்சரை வரைக்கும் இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு வேன்னு சொன்னாங்க, அஞ்சே முக்காலுக்கு வந்துச்சு. கைடு ஒரு காலேஜ் பையன், நல்ல பையன் தான், சிரிச்ச முகம், ஆனா போற வழில நான் கிளாந்தோன்ல யாராவது அட்டாக் பண்ணுவாங்களா, அதாவது திடீர்னு வேகமெடுத்து மத்தவங்கள விட்டு பிரிஞ்சு போவாங்களான்னு கேட்டதுக்கு, போன்ல ஏதோ தேடிப் பாத்துட்டு, நான் மெயினா ஸ்கீ டூர் தான் சார் பாக்கறதுன்னான். அப்பவே எனக்கு வயித்துல ஏதோ கலக்கிடுச்சு.

பூர் துவாசானுக்கு கொஞ்சம் முன்னாடியே ஜாந்தார்ம் (இங்க ரோட்டு போலீஸ்) கை காட்டி நிறுத்திட்டாங்க. ரோடு மூடியாச்சு. கைடு இறங்கி போய் ஏதோ பேப்பர காட்டினான், அந்த ஜாந்தார்ம் அம்மா பேப்பர வாங்கி பொறுமையா படிச்சு பாத்துட்டு சிரிச்சாங்க பாருங்க, கிண்டல் சிரிப்பு கூட இல்ல, நெஜமாவே சந்தோஷமா சிரிச்சாங்க. அது ரோட் பெர்மிட் இல்ல, கம்பெனி நோட்டீஸோட பிரிண்ட் அவுட். ரேஸ் அன்னைக்கு மலை ரோட மணிக்கணக்கா முன்னாடியே மூடிடுவாங்கன்னு லியோன்ல டீக்கடைல கேட்டா கூட சொல்லுவான், கம்பெனிக்கு தெரியலயா தெரிஞ்சும் வித்தாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு பதில் வரல.

அதுக்கப்புறம் நடை. ஊருக்குள்ள நுழைஞ்சு, பாலம் தாண்டி, ஏத்தம் ஆரம்பிக்கற இடம் வந்து, அங்க இருந்து மேல. முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் தான் இந்த மலையிலயே செங்குத்து, சாஞ்சுக்கிட்டே நடக்கணும், தோள்ல பை, கைல பாப்பா, எங்க வேன்ல வந்த ஒரு வயசான தம்பதி 21ஆவது வளைவுலயே உக்காந்துட்டாங்க, பாவம், அவங்களும் 280 யூரோ குடுத்தவங்க தான். 7ஆவது வளைவாவது ஒன்னாவது. 16ஆவது வளைவு, லா கார்டுனு ஒரு சின்ன கிராமம், அது வரைக்கும் தான் எங்களால முடிஞ்சுது. பாப்பா உக்காந்துட்டா. சரி இதான் நம்ம தனி இடம்னு நாங்களும் உக்காந்துட்டோம்.

அந்த பெரிய ஸ்கிரீன் 7ஆவது வளைவுல இருந்துச்சா இல்லையான்னு கூட தெரியாது. மேல ஏறிப் போன ஒரு ஆள் சாயங்காலம் வேன்ல சொன்னாரு, ஒரு கூடாரம் இருந்துச்சு, உள்ள ஒரு டிவி இருந்துச்சு, டிவில ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னு.

சாப்பாடு பத்தி ஒரே வரி. சைவம்னா சாண்ட்விச்ல இருந்து ஹாம உருவி எடுத்துட்டு குடுக்கறது இல்ல. வெண்ணெய்ல அந்த ஹாம் தடம் அப்படியே ரவுண்டா பதிஞ்சிருந்துச்சு. நல்ல வேளை எதுக்கும் இருக்கட்டும்னு வீட்டுக்காரம்மா புளியோதரை கட்டி எடுத்துட்டு வந்திருந்தாங்க, அத அலுமினியம் ஃபாயில்ல பிரிச்சதும் வந்த வாசனைல தான் பக்கத்து கேம்பர்க்காரங்க திரும்பிப் பாத்தாங்க.

அந்த கேம்பர்க்காரங்க தான் அன்னைக்கு எங்களுக்கு கெடச்ச உண்மையான டூர் சர்வீஸ். டச்சு தாத்தா பாட்டி, ரெண்டு நாள் முன்னாடியே வந்து வேன போட்டு, மடக்கு நாற்காலி, குடை, ரேடியோ, கூலர் பெட்டி எல்லாம் செட் பண்ணி குடும்பமே நடத்திட்டு இருந்தாங்க. பாப்பாவ பாத்துட்டு உள்ள இருந்து இன்னொரு நாற்காலி வந்துச்சு. தண்ணி வந்துச்சு. பாட்டி வேனுக்குள்ள இருந்த பாத்ரூம வீட்டுக்காரம்மாவுக்கும் பாப்பாவுக்கும் திறந்து விட்டாங்க, இதுக்கு நான் 370 யூரோவையும் அவங்ககிட்டயே குடுத்திருப்பேன், ஏன்னா மலை மேல காசு குடுத்தாலும் கெடைக்காதது அது ஒன்னு தான். பதிலுக்கு புளியோதரை போச்சு. தாத்தா முதல் வாய்லயே வேர்க்கடலைய கண்டுபிடிச்சிட்டாரு, மிளகாய ரெண்டாவது வாய்ல.

ரோடு முழுக்க சாக்பீஸ்லயும் பெயிண்ட்லயும் பேரா எழுதி வச்சிருந்தாங்க. பாட்டி பாப்பா கைல ஒரு சாக்பீஸ் குடுத்தாங்க. அவ தார் ரோட்ல முட்டி போட்டு ரொம்ப நேரம் யோசிச்சு, பெருசா "வா" ன்னு எழுதினா, தமிழ்ல. நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை வீட்ல சண்டை போட்டு எழுத வைக்கறது, இங்க தானா வருது. பாட்டி என்னன்னு கேட்டாங்க, சொன்னோம், யாருக்குன்னு கேட்டாங்க, பாப்பா கூச்சமே இல்லாம மஞ்ச ஜெர்சிக்குன்னுட்டா. தாத்தா ஆரஞ்சு சட்டை. ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் அவரே அந்த துணைக்கால் வளைஞ்ச இடத்த செருப்பால தேய்ச்சு சரி பண்ணி விட்டாரு.

ரேஸ் வர்றதுக்கு முன்னாடி விளம்பர வண்டி ஊர்வலம் வரும், காரவான்னு சொல்றாங்க. இது 1930ல இருந்து ஆம்பளைங்க டூர்ல இருக்கற பழக்கம், பொண்ணுங்க டூர்ல கொஞ்சம் சின்னது. வேஷம் போட்ட வண்டி வண்டியா வந்து தொப்பி, சாவிக்கொத்து, பிஸ்கட்டுனு வாரி இறைச்சிட்டு போவாங்க. நம்ம கட்சி ஊர்வலம் மாதிரி தான் சத்தம், ஆனா இங்க கூட்டத்துக்கு நெஜமாவே ஏதாவது கெடைக்கும். சூட்கேஸ் தூக்கச் சொன்னா நகராத ஆளுங்க எல்லாம் ஒரு சாவிக்கொத்துக்கு பள்ளத்துல குதிக்கறாங்க. பாப்பா பாத்த தொப்பிய ஒரு அம்பது வயசு ஆளு காலால மிதிச்சு புடிச்சிட்டாரு, அப்புறம் அவ மூஞ்சிய பாத்துட்டு குடுத்துட்டாரு, வெள்ளைல சிவப்பு புள்ளி போட்ட தொப்பி, மலை ஏத்தங்கள்ல முதலாவதா நிக்கற மலை ராணிக்கு குடுக்கற ஜெர்சி டிசைன். இன்னைக்கு வரைக்கும் அத கழட்டாம சுத்திட்டு இருக்கா. எங்க நோட்டீஸ்ல "எக்ஸ்க்ளூசிவ் பரிசுகள்"னு போட்டிருந்தது இதத் தான். ரோட்ல யாரு நின்னாலும் ஓசில கெடைக்கறது.

இதுதான் இந்த மொத்த பிசினஸோட கோளாறு. ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்கு டிக்கெட் வாங்கினா உள்ள விடுவான். இங்க உள்ளனு ஒன்னு இல்ல, ரோடு தான் ஸ்டேடியம், ரோடு எல்லாருக்கும் பொது. ஆக கம்பெனி காசு வாங்கிட்டு விக்கறது ஏற்கனவே ஓசியா கிடக்கற ஒன்ன. காசு குடுத்து வாங்கற மாதிரி அங்க இருக்கற நாலே நாலு சமாச்சாரம் பாத்ரூம், தண்ணி, உக்கார நாற்காலி, ஓடுற டிவி. அந்த நாலும் பேக்கேஜ்ல இல்ல.

சரி ரேஸ். கிளாந்தோன்ல வொலரிங் அட்டாக் பண்ணிட்டாங்கன்னு தாத்தா ரேடியோல கேட்டு கத்தினாரு, கூட இன்னொரு டச்சுக்காரங்க பாலினா ரோயாக்கர்ஸ். மஞ்ச ஜெர்சி பின்னாடி. அப்புறம் வித்தியாசம் ஏறுது, ஏறுது, ஒரு கட்டத்துல கணக்குப்படி டூரே வொலரிங் கைக்கு போயிடுச்சு. தாத்தா எந்திரிச்சு நின்னுட்டாரு. பாட்டி மட்டும் உக்காந்து ஏதோ பின்னிட்டே, இன்னும் இறங்கணும், பள்ளத்தாக்கு ஓட்டணும், இந்த மலை ஏறணும், உக்காருங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. டச்சு தெரியாது, ஆனா எந்த ஊரு பாட்டியும் அந்த டோன்ல சொல்றது அது தான்.

பள்ளத்தாக்கு ஏன் முக்கியம்னா, சமதரைல முன்னாடி போறவர் காத்த வாங்கிப்பாரு, பின்னாடி ஒட்டிட்டு வர்றவருக்கு நெறைய உழைப்பு மிச்சம். மலைல வேகம் கம்மி, அதனால ஒட்டிட்டு வந்தும் பெருசா லாபம் இல்ல, அவங்கவங்க கால் தான். ஆக நாலஞ்சு பேரா மாத்தி மாத்தி இழுத்தா சமதரைல விட்டத புடிக்கலாம், மலைல அவங்கவங்க தலையெழுத்து.

முதல்ல ஹெலிகாப்டர் சத்தம் வரும். பள்ளத்தாக்குல இருந்து மேல ஏறி வரும், அது எங்க நிக்குதோ அங்க கீழ ரேஸ். அப்புறம் போலீஸ் மோட்டார் பைக், ஒன்னு, ரெண்டு, பத்து. அப்புறம் சிவப்பு கார். அப்புறம் திடீர்னு கூட்டம் ரோட்டுக்குள்ள சாயும், நம்மளும் சாய்வோம், ரோடே ரெண்டு கை அகலத்துக்கு சுருங்கிடும். அந்த இடுக்குல வொலரிங் வந்தாங்க.

டிவில பாத்தா தெரியாதது ஒன்னு சத்தம். என் முழங்கைக்கும் அவங்க ஹேண்டில்பாருக்கும் ஒரு அடி கூட இல்ல. மூச்சு சத்தம் கேக்குது, வாயால இழுக்கற சத்தம், இரும்பு பட்டறைல துருத்தி ஊதற மாதிரி சீரா. செயின் சத்தம். வளைவு வந்ததும் டிக்குனு கியர் மாறற சத்தம், எந்திரிச்சு நாலு மிதி, திரும்ப டிக், உக்காந்துட்டாங்க. முட்டில தொடைல வேர்வை வழிஞ்சு உப்பு கோடு கோடா காஞ்சிருக்கு. மூணு நாள் முன்னாடி விழுந்தவங்க. பின்னாடி சக்கரத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி ரோயாக்கர்ஸ், கண்ணு அந்த சக்கரத்த விட்டு எங்கயும் போகல. போய்ட்டாங்க. மிஞ்சி மிஞ்சி போனா எட்டு செகண்ட். "அப்பா கியர் மாத்தினாங்க பாத்தியா, இறங்கின கியர்" ன்னு பாப்பா.

அவ்ளோ தூரம் நடந்து எட்டு செகண்ட் தானான்னு கேக்காதீங்க, ரேஸே அதுக்கப்புறம் தான். எண்ண ஆரம்பிக்கணும். பாப்பா ஒன்னு ரெண்டுன்னு சத்தமா எண்ணறா, தாத்தா டச்சுல எண்ணறாரு, பின்னாடி ஒரு ஃபிரெஞ்சு குடும்பம் போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டிருக்கு, எல்லாரும் கீழ வளைவையே பாத்துட்டு இருக்கோம், டீம் கார் ஒன்னு ஹாரன் அடிச்சிட்டு போனதுல பாப்பாவுக்கு எண்ணிக்கை விட்டுப் போச்சு, அழுகை வர்ற மாதிரி ஆயிட்டா, நான் அம்பதுல இருந்து எண்ணுன்னு ஏதோ குத்துமதிப்பா சொல்லி வச்சேன். அப்ப வந்துச்சு மஞ்ச, ஒரு சின்ன கூட்டத்தோட. நியெவியாடோமா வாய் திறந்திருக்கு, தோள் ரெண்டும் ஆடுது, ஆனா கால் நிக்கல. பாப்பா வா வான்னு கத்த, அவ கத்தறத பாத்து பாட்டியும் வா வா வா, ஃபிரெஞ்சு குடும்பமும் வா வா. டச்சு ஆளுங்க நெறைஞ்ச இடத்துல போலந்து பொண்ணுக்கு தமிழ்ல கத்தினோம். சக்கரம் அந்த எழுத்து மேலயே ஏறி போச்சு. அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க, பரவால்ல.

இதுக்கப்புறம் தான் பெரிய ஸ்கிரீன் தேவைப்பட்டது. ஃபிரான்ஸ் டெலிவிஷன் இத ஓசியாவே காட்டுது, ஆப் இருக்கு, ஆனா மலைல அத்தனை பேரும் ஒரே நேரத்துல அதையே திறந்தா டவர் என்ன பண்ணும். எல்லா போன்லயும் வட்டம். அப்ப தான் எங்க கைடு தம்பி எங்க இருந்தோ மேல ஏறி வந்து, மூச்சு வாங்க, கை ரெண்டையும் தூக்கி, "வொலரிங் ஜெயிச்சிட்டாங்க! முடிஞ்சுது! வாங்க வேனுக்கு போலாம்!" ன்னான். எங்க குரூப்ல பாதி பேரு கை தட்டிட்டு பைய மாட்ட ஆரம்பிச்சிட்டாங்க. நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.

தாத்தா ரேடியோவ காதுல அமுக்கிட்டு இன்னொரு கைய எங்க எல்லாருக்கும் நேரா நீட்டி நிறுத்தினாரு. டிராஃபிக் போலீஸ் மாதிரி.

வொலரிங் ஜெயிச்சது ஸ்டேஜ். ரோயாக்கர்ஸ கடைசில ஸ்பிரிண்ட்ல முந்திட்டாங்க, அதுக்கு 10 செகண்ட் போனஸ். இப்ப 75ல 10 போக 65. அதாவது மஞ்ச ஜெர்சி ஃபினிஷ் லைனுக்கு 65 செகண்டுக்குள்ள வந்துட்டா டூர் அவங்களது, தாண்டிட்டா வொலரிங்கோடது. ரேடியோல அந்த கமெண்டேட்டர் எண்ணறான், எங்களுக்கு பாஷை புரியல, நம்பர் மட்டும் புரியுது, பாட்டி பின்னறத நிறுத்திட்டாங்க. நியெவியாடோமா நாலாவதா வந்தாங்க, 61 செகண்ட்.

4 செகண்ட்.

தாத்தா நாற்காலில உக்காந்தாரு. கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் பாப்பாகிட்ட கைய நீட்டி குலுக்கினாரு, தோத்த கேப்டன் குலுக்கற மாதிரி. ஏதோ இவ தான் அந்த 4 செகண்ட குடுத்த மாதிரி. சும்மா ஒப்பிட்டு சொல்றேன், ஆம்பளைங்க டூர்ல இதுவரைக்கும் ரொம்ப கம்மி வித்தியாசம் 1989ல, கிரெக் லெமாண்ட் லோரான் ஃபினியோன 8 செகண்ட்ல ஜெயிச்சது, முப்பத்தஞ்சு வருஷமா அதையே பேசிட்டு இருக்காங்க. இது அதுல பாதி. ராத்திரி வீட்டுக்கு வந்து வீடியோ பாத்தோம், நியெவியாடோமா லைன தாண்டி கீழ சரிஞ்சு கிடக்காங்க, ஜெயிச்சோமா இல்லையான்னே தெரியாம, யாரோ வந்து சொன்னதுக்கப்புறம் தான் அழுகை. அம்னேவில்ல அந்த ஒரு விழுகை 1 நிமிஷம் 47, கடைசில பத்தாம போனது 4. யோசிச்சா வொலரிங்குக்கு தூக்கம் வந்திருக்காது. எனக்கே வரல. வொலரிங் அன்னைக்கு ஓட்டினது வால் எலும்பு முறிவோடன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

இன்னொன்னும் சொல்லணும், மனசுல உறுத்திட்டே இருக்கு. இவ்ளோ பண்ணி டூர் ஜெயிச்சா பரிசு 50,000 யூரோ. ஆம்பளைங்க டூருக்கு 5 லட்சம். அவங்க ஓட்டறது மூணு வாரம், இவங்களுக்கு வச்சதே எட்டு ஸ்டேஜ், சரி, ஆனா அந்த மலை ரெண்டு பேருக்கும் ஒரே உசரம் தான.

ரேஸ் முடிஞ்சுதுன்னு கைடு கூப்பிட்டான்ல, முடியவே இல்ல. முன்னாடி போனவங்க மேல மெடல் வாங்கற நேரத்துலயும் கீழ இருந்து கூட்டம் கூட்டமா ஏறி வந்துட்டே இருந்தாங்க. இவங்களுக்கு ஜெயிக்கறது இல்ல குறி, அன்னைக்கு குறிச்ச டைமுக்குள்ள மேல போய் சேரணும், இல்லன்னா எட்டு ஸ்டேஜ் ஓட்டியும் லிஸ்ட்ல பேர் இருக்காது. கேமரா இல்ல, ஹெலிகாப்டர் இல்ல. ஒரு பொண்ணு அழுதுட்டே ஓட்டுது. இன்னொருத்தங்க யாரோ நீட்டின கோலாவ வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு நன்றி சொல்லிட்டு திருப்பி குடுத்துட்டு போறாங்க. எங்க குரூப் எல்லாம் கிளம்பிடுச்சு, நாங்க நின்னோம், கடைசி வண்டி போற வரைக்கும் கை தட்டினோம். இதுக்காக கைடு என்கிட்ட ரெண்டு தடவ போன் பண்ணி கோச்சுக்கிட்டான். ஆனா வேன் எங்கயும் போகல, போக முடியாது, கீழ ஒரே ரோடு, அத்தனை காரும் அதுலயே நிக்குது. மூணு மணி நேரம் வேன்ல உக்காந்திருந்தோம். எட்டு மணிக்கு வீடுன்னாங்க, பதினொன்னரை ஆச்சு. டிரைவர் அண்ணன் தன் சொந்த பையில இருந்து பேரீச்சம்பழம் எடுத்து எல்லாருக்கும் குடுத்தாரு. அந்த ஒரு ஸ்டார் இதுக்கு தான்.

போகணும்னு நெனைக்கறவங்களுக்கு: பேக்கேஜ் வேணாம். கிரெனோபிள் வரைக்கும் ரயில், அங்க இருந்து பூர் துவாசானுக்கு பஸ் இருக்கு, ரேஸ் அன்னைக்கு டைம் மாறும், முன்னாடியே பாத்துக்கோங்க. முடிஞ்சா முந்தின ராத்திரியே பள்ளத்தாக்குல தங்கிருங்க. ரொம்ப மேல போக ஆசைப்படாதீங்க, முதல் செங்குத்துலயே நில்லுங்க, அங்க தான் வேகம் குறையும், மூஞ்சி நல்லா தெரியும். பவர் பேங்க் எவ்ளோ இருந்தாலும் வேலைக்கு ஆகாது, ரேடியோ ஒன்னு வாங்கிக்கோங்க. மேல குளிரும். புளியோதரை ரெண்டு பங்கு கட்டுங்க.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், வரிசையா, போட்டோவோட, ஹாம் தடம் பதிஞ்ச வெண்ணெய் உட்பட. பதினாறு நாள் கழிச்சு பதில். பணம் திரும்ப கெடையாது, "ரோடு மூடல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை", அதுக்கு பதிலா அடுத்த வருஷ டூர் டி பிரான்ஸ் ஃபாம் பேக்கேஜ்ல 15 சதவீதம் தள்ளுபடி கூப்பன். திறந்து பாத்தேன். கூப்பன் டிசம்பர் 31 அன்னைக்கு காலாவதி.